துருப்பிடிக்காத திருகுகள்

கடிதம் எண்: 1
நாள்: 10.06.2024, திங்கட்கிழமை
நேரம்: முற்பகல் 10.15
இடம்: சேலையூர், கிழக்குத் தாம்பரம்

பொருள்: தங்கள் கணவரின் வண்டியில் ஏற்பட்டுள்ள அரிப்பு

மதிப்பிற்குரிய திருமதி செல்வமேரி ஜெர்சன் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் மகள் வீட்டோடு இருக்க நாகர்கோவில் புறப்பட்ட 03.02.2024 சனிக்கிழமையன்று நான் திருநீர்மலைக்குச் சென்றிருந்தேன். மலையிறங்கி வீடு திரும்பியபோது தங்கள் வீடு பூட்டியிருந்தது. வண்டியின் சாவியை இஸ்திரி போடும் எல்லம்மா என்னிடம் நீட்டினார். "அம்மா குட்த்துட்டுப் போச்சு சார். வண்டியைக் கொஞ்சம் பாத்துக்கினா போதுமாம்" என்றார். ஒரே மதில்சுவரின் இருபுறமும் இத்தனை காலம் வாழ்ந்தவரிடம் நேரில் சொல்லிக்கொள்ளாமல் போனது குறித்து இக்கடிதத்தில் நான் எதுவும் எழுதப்போவதில்லை.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் காதுக்கருவி பொருத்திய நாள் முதல், தொலைபேசியைக் காதருகே கொண்டுபோனால் கருவி கீச்சிடுகிறது. எதிர்முனையில் இருப்பவர் நான் கோபித்துக்கொண்டதாக எண்ணி வைத்துவிடுகிறார். எனவே கடிதம்.

விஷயம் இதுதான். ஜெர்சன் மறைந்தது முதல் வாரந்தோறும் வண்டியைத் துடைத்து, கால்மணி நேரம் இயந்திரத்தை ஓடவிட்டு வருகிறேன். சென்ற வெள்ளியன்று ஓட்டுநர் பக்கக் கதவின் கீழ்விளிம்பில் நீல வண்ணம் அம்மைக் கொப்புளம்போல் எழும்பியிருப்பதைக் கண்டேன். நகத்தால் தொட்டேன். கொப்புளம் உடைந்து வெள்ளைப் பொடி கொட்டியது.

இதர வண்டிகளின் தகடு இரும்பு. துருப்பிடித்தால் சிவக்கும், தெருவில் போகிறவருக்கும் தெரிந்துவிடும். ஜெர்சன் வால்பாறை எஸ்டேட் ஏலத்தில் பார்த்துப் பார்த்து எடுத்த இந்த ஜீப் வண்டிக்கோ மேற்போர்வை முழுவதும் அலுமினியம். அது சிவக்காது. வண்ணத்துக்கு அடியில் ஓசையின்றி வெளுத்து, பொடிந்து, ஒருநாள் பொத்தலாகும். நான்கு கதவுகளிலும், பின்கதவின் கீல் அருகிலும் பொடி காணப்படுகிறது. தகட்டை இறுக்கியிருக்கும் இரும்புத் திருகுகளும் துருவேறிக் கிடக்கின்றன.

பழுது பார்க்கத் தங்கள் எழுத்துபூர்வமான அனுமதி தேவை.

இப்படிக்கு,
ச. பத்ரிநாராயணன்
தரச் சோதனைப் பிரிவு (ஓய்வு)

இணைப்பு: கதவிலிருந்து எடுத்த வெள்ளைப் பொடி, மடித்த தாளில்.

*

நாகர்கோவில்
ஞாயிறு, கோயில் முடிஞ்சு வந்து

பத்ரி அண்ணா,

முதல்ல ஒண்ணு கேக்கறேன். அந்தப் பொடியை எதுக்கு அனுப்பினீங்க? கவரை ஷைனிதான் பிரிச்சா. மடிச்ச காகிதத்துல வெள்ளைப் பொடி! மாப்பிள்ளைக்கு முகமே மாறிப்போச்சு. "அத்தே, யாரு இந்த பத்ரிநாராயணன்? தாம்பரத்துல என்ன பிசினஸ் பண்றார்?"ங்கிறார். காப்பித்தூள்ல சிக்கரி கூடிப்போச்சுன்னா கடைக்காரனுக்கு மூணு பக்கம் எழுதற மனுஷன், பயப்படாதீங்கன்னு சொன்னேன். அப்பவும் அதைக் கையால தொடல, குச்சியால தள்ளிக்கிட்டுப் போய் வாசல்ல கொட்டினார்.

சாவி விஷயம் எழுதப்போறதில்லேன்னு எழுதியிருக்கீங்க. சரி, நானும் எழுதல.

அண்ணா, வீட்டை விக்கப் பேசி முடிச்சாச்சு. உங்களுக்கு நான்தான் முதல்ல சொல்லணும்னு இருந்தேன், சொல்ல வரல. டிசம்பர் கடைசிக்குள்ள காலி பண்ணிக் குடுக்கணும். வாங்கறவர் இடிச்சுட்டு ஃபிளாட் கட்டப்போறார். ஷெட்டும் போயிடும். வண்டி அதுக்கு முன்னாடி போயாகணும். அலுமினியத்துக்கு எடைக்கடையில நல்ல விலைன்னு மாப்பிள்ளை விசாரிச்சு வெச்சிருக்கார். அவர் கை வெச்ச வண்டி தராசுல ஏறி நிக்கறதை நெனைச்சா எனக்கு ஒரு மாதிரி இருக்கு. ஓட்டறவங்க யாராவது ஓட்டிக்கிட்டுப் போகட்டும். ஆனா பொத்தல் விழுந்ததை யாரு வாங்குவா? அதனால நீங்க சரி பண்ணுங்க. நல்ல ஆளாப் பாத்து நீங்களே குடுத்துடுங்க.

இதுதான் எழுத்துபூர்வமான அனுமதி. சீல் வேணும்னா ஷைனி பையன்கிட்ட மிக்கி மவுஸ் சீல் ஒண்ணு இருக்கு.

செல்வமேரி

*

கடிதம் எண்: 2
நாள்: 22.08.2024, வியாழக்கிழமை
நேரம்: பிற்பகல் 3.40
இடம்: சேலையூர்

பொருள்: (அ) பழுது நிறைவு (ஆ) வாங்க வந்தவர்கள்

மதிப்பிற்குரிய திருமதி செல்வமேரி அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தில் தேதி இல்லை. அஞ்சல் முத்திரையை உருப்பெருக்கியால் பார்த்து 17.06.2024 எனக் குறித்துக்கொண்டேன்.

வீடு விற்பனைச் செய்தியை இருமுறை படித்தேன். தங்கள் முடிவு.

அகரம்தென் சாலையில் பெயின்ட் கொட்டகை வைத்திருக்கும் பொன்னுரங்கம் வேலையை ஏற்றார். வண்டியைச் சுற்றிவந்து, "இன்னா சார், பொண்ணுக்கு வயசு ஏறிட்சே, இப்பப் போய் கண்ணாலம் பண்ணிகினு கீறே?" என்றார். இரும்பைத் தேய்த்த கம்பிப் பிரஷ்ஷோடு கதவருகே வந்தார். நான் குறுக்கே நின்றேன். இரும்புத் தூள் ஒரு சிட்டிகை அலுமினியத்தில் ஒட்டினாலும் அங்கே புது அரிப்பு தொடங்கும். இதற்கென்றே புதிய உப்புத்தாளும் நைலான் பிரஷ்ஷும் வாங்கிவந்தேன். "சார், நீ குட்த்த பிரஷ்ஷுல என் பல்லைத்தான் வெளக்கலாம்" என்றார். ஆயினும் அதைக்கொண்டே தேய்த்தார்.

கொப்புளங்களை உரித்து, உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, அலுமினியத்தில் பிடிப்பதற்கென்று உள்ள பிரைமரைப் பூசி, காய்ந்தபின் அதே நீலம் அடித்தோம். திருகுகளை மட்டும் நானே கழற்றினேன். ஒவ்வொன்றின் அடியிலும் கறுப்பாய் மக்கிப்போன அழுக்கு வளையம் ஒட்டிக்கிடந்தது. அனைத்தையும் சுரண்டிச் சுத்தம் செய்து, பாரிமுனை சென்று தேர்ந்தெடுத்துவந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுகளைப் போட்டேன். அவை எக்காலத்திலும் துருப்பிடியா. மேலும், தெருவில் வெள்ளம் ஏறினால் உள்ளே புகாதிருக்க, கதவுகளின் அடியிலிருந்த துளைகளைப் பசையால் அடைத்துவிட்டேன்.

இனி வாங்க வந்தவர்கள். கேளம்பாக்கத்திலிருந்து வந்த மென்பொருள் இளைஞர், வண்டி முழுவதும் கறுப்படித்து மேலே ஆறு விளக்கு வைக்கப்போவதாகச் சொன்னார். தகுதியற்றவர். குரோம்பேட்டைக்காரர், சொன்ன நேரத்துக்கு நாற்பது நிமிடம் பிந்தி வந்தார். மூன்றாமவர் ஈரக்குடையைப் புதுவண்ணத்தின் மீது சாய்த்தார். நான்காமவரிடம் குறை காண இயலவில்லை. எனினும் மனம் ஒப்பவில்லை.

வண்டி போய்விட்டால், தங்களுக்குக் கடிதம் எழுதுவதற்குரிய காரணம் ஒன்றும் எஞ்சாது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மேற்கண்ட வரியை நீக்கிவிட விரும்பினேன். அடித்தல் திருத்தலோடு கடிதம் அனுப்பும் வழக்கம் எனக்கில்லை. வேறு தாளும் கைவசம் இல்லை. எனவே அவ்வாறே விடுகிறேன்.

இப்படிக்கு,
ச. பத்ரிநாராயணன்

இணைப்பு: கதவுகளின் நிழற்படம், பழுதுக்கு முன்னும் பின்னும்.

*

நாகர்கோவில்
மழை பெய்யுது

பத்ரி அண்ணா,

படம் பாத்தேன். கதவு கண்ணாடி மாதிரி இருக்கு, அதுல உங்க வேட்டி தெரியுது.

நாலு பேர் வந்திருக்காங்க, நாலு பேரையும் துரத்திட்டீங்க. அந்த நாலாவது ஆள் ஷைனிக்கே போன் பண்ணிட்டார். "உங்க அங்கிள் என்னை ஒரு மணி நேரம் இன்டர்வியூ பண்ணினார் மேடம், எங்க அப்பா கூட என் கல்யாணத்துக்கு இவ்ளோ யோசிக்கல"ன்னாராம். குறை ஒண்ணும் இல்லேன்னு நீங்களே எழுதறீங்க. அப்புறம் என்ன?

ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. அந்த வண்டி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. குலுக்கற குலுக்கல்ல குடல் வாய்க்கு வரும். எந்த மலை ஏறினாலும் மூணாவது வளைவுல நான் வாந்தி எடுப்பேன். அவரும் வண்டியை ஓரங்கட்டிட்டு, என் தலையைப் பிடிப்பாரேன்னு பாத்தா, டயரைத் தட்டிப் பாத்துக்கிட்டு நிப்பார். அவர் போன பிறகு அந்த ஷெட் பக்கம் நான் போகல. நீங்க வாராவாரம் வந்து இன்ஜினைப் போடுவீங்க பாருங்க, அந்தச் சத்தம் கேட்டா அடுக்களையில குழாயைத் திறந்து விட்டுடுவேன். ஒரு நிமிஷம் அவர்தான்னு இருக்கும். அடுத்த நிமிஷம் நீங்கன்னு தெரியும். உங்க மேல கோபமா வரும். அது உங்க தப்பில்ல.

சாவியை எல்லம்மாகிட்ட குடுத்தது அதனாலதான். உங்க கையில குடுத்தா நீங்க ரசீது எழுதித் தருவீங்க. நான் அதை வாங்கிக்கிட்டு அழுதுருப்பேன். நீங்க திருநீர்மலைக்குப் போற நாளாப் பாத்துதான் வேனையே வரச்சொன்னேன்.

இங்க பகல்ல யாரும் இல்ல. மூணு பேரும் எட்டரைக்குக் கிளம்பினா சாயங்காலம்தான். நான் டிவியோட சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன்.

தமிழினின்னு ஒரு பொண்ணு வரும். கூடுவாஞ்சேரி, மாட்டு டாக்டர். சேறு, வரப்புன்னு எல்லா ஊருக்கும் போகணுமாம், இந்த மாதிரி வண்டிதான் வேணுமாம். பள்ளிக்கூடத்துல ஷைனியோட படிச்ச பொண்ணோட தங்கச்சி. இவளைத் துரத்தினீங்கன்னா நான் எடைக்கடைக்கு போன் பண்ணிடுவேன், நிஜமா.

செல்வமேரி

*

கடிதம் எண்: 3
நாள்: 18.11.2024, திங்கட்கிழமை
நேரம்: முற்பகல் 11.05
இடம்: சேலையூர்

பொருள்: என்னால் நேர்ந்த சேதம்

மதிப்பிற்குரிய திருமதி செல்வமேரி அவர்களுக்கு,

நேற்று ஞாயிறு டாக்டர் தமிழினி வந்தார். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் ஏறினார். இருக்கையைத் தட்டிப் பார்த்து, "கன்னுக்குட்டியப் படுக்க வெக்கலாம் சார், சூப்பர்" என்றார். மறுப்பதற்குக் காரணம் தேடினேன். கிடைக்கவில்லை.

சரி, கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்து, வேலையின் தரத்தைக் காட்டுவதற்காக நானே திருப்புளியை எடுத்து ஓட்டுநர் கதவின் கீழ்த்திருகில் வைத்தேன். வைத்ததுமே திருகு என் உள்ளங்கையில் விழுந்தது.

"சார், நீங்க இன்னும் திருப்பவே இல்லையே" என்றார் தமிழினி.

திருகு பாரிமுனையில் வாங்கிய அன்று இருந்ததுபோலவே பளபளத்தது. அதைப் பற்றியிருந்த அலுமினியம்தான் இல்லை. துளையைச் சுற்றிலும் வெள்ளைப் பொடி. அடுத்த திருகும் அப்படியே. அடுத்ததும். கீழே அடைத்திருந்த பசையை அவர் குச்சியால் குத்தியதும், கதவுக்குள்ளிருந்து ஒரு செம்பு அளவு மழைநீர் வடிந்தது. அக்டோபர் மழை முழுவதையும் நான் உள்ளேயே பூட்டிவைத்திருந்தேன். அந்தத் துளைகள் தண்ணீர் புகுவதற்கு அல்ல, வெளியேறுவதற்கு.

பாடம் எனக்குத் தெரியாததன்று. இரு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டு கிடந்தால், மென்மையானது தன்னைத் தின்னக் கொடுக்கும். திருகு எவ்வளவு துருப்பிடிக்காததோ, அவ்வளவு கடுமையாக அருகிலிருப்பதை அரிக்கும். பழைய இரும்புத் திருகு அதனினும் சாதுவானது. பரிசோதகனாகவே உத்தியோகம் பார்த்து முடித்தவன், விலை உயர்ந்ததே நல்லது என்று கருதி, ஜெர்சன் ஓட்டியவரை ஓடிய வண்டியை மூன்று மாதத்தில் பாழ் செய்தேன்.

தமிழினியிடம் வண்டி விற்பதற்குத் தகுதியானதல்ல என்று சொல்லிவிட்டேன். "நான் கேக்கவே இல்லையே சார், அதுக்குள்ள நீங்களே கேஸை மூடுறீங்க" என்றார். பத்து நாளில் மீண்டும் வருவாராம். எடைக்கடைக்காரரை அழைப்பதா என்பதைத் தாங்கள் தெரிவிக்க வேண்டும். அழைத்தால், நான் அன்று வீட்டில் இருக்கமாட்டேன்.

இப்படிக்கு,
ச. பத்ரிநாராயணன்

இணைப்பு: திருகு ஒன்று.

*

நாகர்கோவில்
புதன், கடிதம் கிடைச்ச அன்னிக்கே

பத்ரி அண்ணா,

திருகு வந்துது. மேஜை மேல வெச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். தான் மட்டும் பளபளன்னு, கறை இல்லாம, சுத்தி இருக்கிறதெல்லாம் பொடியாப் போனாலும் நிமிர்ந்து நிக்குது. எனக்கு ஒருத்தர் ஞாபகம் வந்தார். பேர் சொல்லமாட்டேன். நாலு பேரைத் துரத்தினவர்.

சிரிச்சு முடிச்சாச்சு. இப்ப கேளுங்க. நீங்க சுரண்டி எடுத்தீங்களே ஒரு கறுப்பு அழுக்கு, அது அழுக்கில்ல அண்ணா. ரப்பர். நான் வெட்டினது.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவர் பழைய சைக்கிள் டியூபைக் கொண்டுவந்து என் மடியில போடுவார். நான் சின்னக் கத்திரிக்கோலால காசு மாதிரி வட்டமா வெட்டணும், நடுவுல ஆணியைச் சுட வெச்சு ஓட்டை போடணும். ஒவ்வொரு திருகுக்கும் அடியில அதை வெப்பார். "இதுவும் அதுவும் தொடக்கூடாது மேரி. நடுவுல ஒண்ணு இருந்தா ரெண்டும் காலத்துக்கும் இருக்கும்"பார். எனக்கு ரப்பர் கருகற நாத்தம்தான் ஞாபகம். இப்படியா ஞாயித்துக்கிழமையைக் கழிக்கறதுன்னு திட்டிக்கிட்டே வெட்டுவேன். வண்டியைப் பிடிக்காதுன்னு போன தடவை எழுதினேன், அதோட இதையும் எழுதியிருக்கணும். மறந்தே போச்சு. உங்க கடிதத்துல அழுக்கு வளையம்னு படிச்சப்ப கூட எனக்குத் தோணல. அதனால பாதித் தப்பு என்னோடது, நீங்க மொத்தமா எடுத்துக்க வேண்டாம்.

பேரன் சைக்கிள் டியூப் ஒண்ணு கிழிஞ்சு கிடந்துது. வெட்டி அனுப்பியிருக்கேன். கை நடுங்குது, அதனால வட்டம் சில இடத்துல முட்டை மாதிரி இருக்கும். அளவு பாத்துத் திருப்பி அனுப்பாதீங்க. பொடியைச் சுரண்டி, அரிச்ச ஓட்டையை அடைச்சு, ரப்பரை வெச்சு முடுக்குங்க. அந்தப் பொண்ணு பத்து நாள்ல வரேன்னாளே, அதுக்குள்ள முடியாதா? எடைக்கடை பேச்சே வேண்டாம்.

வண்டி போனதும் ரெண்டு வரி போடுங்க. அப்புறம் இந்தத் தொல்லை எல்லாம் உங்களுக்கு இல்ல.

செல்வமேரி

*

கடிதம் எண்: 4
நாள்: 27.12.2024, வெள்ளிக்கிழமை
நேரம்: மாலை 5.20
இடம்: சேலையூர்

பொருள்:

அன்புள்ள செல்வமேரி அவர்களுக்கு,

பொருள் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டிருக்கிறேன்.

பத்து நாள் போதவில்லை. புயல் மழையில் பிரைமர் காயவில்லை. காயாததன் மேல் வண்ணம் பூச நான் சம்மதிக்கவில்லை. தமிழினி காத்திருந்தார். பொன்னுரங்கம் கதவுகளின் கீழ்விளிம்பை வெட்டியெடுத்துப் புதிய அலுமினியப் பட்டை வைத்தார். அடித்துளைகளைத் திறந்துவிட்டோம். ஒரு குவளை தண்ணீரை மேலே ஊற்றி, அது கீழே சொட்டுகிறதா என்று பார்த்த பிறகே உள்பக்கம் ஈரம் ஒட்டாதிருக்க மெழுகு தெளித்தோம். ரப்பர் வளையங்களை நானே வைத்தேன். வட்டம் குறித்துத் தாங்கள் எழுதியது உண்மைதான். எதையும் திருப்பி அனுப்பவில்லை. "சார், இத்த அம்மா அங்கேர்ந்தா வெட்டி அனுப்பிச்சு?" என்று கேட்டார் பொன்னுரங்கம். ஆம் என்றேன். அதன் பிறகு அவர் கேலி ஏதும் பேசாமல் திருகுகளை எனக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

நேற்றுக் காலை தமிழினி வண்டியை எடுத்துச் சென்றார். கேம்ப் ரோடு திருப்பம்வரை நான் பின்னால் நடந்தேன். அவர் கண்ணாடியில் பார்த்து வண்டியை நிறுத்தி, "என்ன சார், ஏதாவது மறந்துட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப ஏறுங்க, வீட்ல விட்டுட்டுப் போறேன்" என்றார். நடப்பது உடம்புக்கு நல்லது என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

கொட்டகையில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது. இடிக்கும் ஆட்கள் வந்து தங்கள் வீட்டு ஜன்னல்களையும் வாசல் கூரையையும் கழற்றத் தொடங்கிவிட்டனர். மதிலுக்கு அப்பால், ஜன்னல் இருந்த இடத்தின் வழியே நேற்று மாலை ஆகாயம் தெரிந்தது. தாங்கள் இருந்தவரை அங்கே சமையலறை விளக்கு தெரியும். அது அணையும் நேரம் பார்த்து நானும் விளக்கணைப்பது வழக்கம். இதைத் தங்களிடம் சொல்லும் அவசியம் எழுந்ததில்லை.

வாரத்தில் ஒருநாள் நான் இயந்திரத்தை முடுக்கியது தங்களுக்கு அத்தனை துன்பம் தந்தது என்பதை அறியேன். வண்டிக்காக மட்டும் நான் அங்கே வரவில்லை. அடுக்களையில் குழாய் திறக்கும் ஓசை எனக்கும் கேட்கும். யாரோ வீட்டில் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்வேன்.

தொல்லை இனி இல்லை என்று எழுதியிருந்தீர்கள். தங்களுக்கு எழுத அலுவல் ஏதும் இல்லை என்பது சரியே. ஆயினும் இன்று மதியம் எல்லம்மா தன் இஸ்திரிப் பெட்டியை என் வாசலுக்கு மாற்றிக்கொண்டார், தங்கள் வாசல் நிழல் போய்விட்டதால். "நீ ஒருத்தர்தான் மிச்சம் சார்" என்றார். எதிர்வீட்டு மிருதுளா வீணை கற்கத் தொடங்கியிருக்கிறாள். காதுக்கருவியைக் கழற்றிவிட்டால் நன்றாகவே வாசிக்கிறாள். இச்செய்திகளால் தங்களுக்கு யாதொரு பயனும் இல்லை. எழுதிப் பார்த்தேன்.

அன்புடன்,
பத்ரிநாராயணன்

இணைப்புகள்:
1. வண்டியைப் பெற்றுக்கொண்டதாக டாக்டர் தமிழினி கையெழுத்திட்ட தாள், ஒன்று.
2. பின்னிருக்கையில் கன்றுக்குட்டியுடன் வண்டியின் நிழற்படம், ஒன்று. அவர் இன்று காலை கொடுத்தனுப்பியது.
3. என் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய வெற்று உறைகள், பன்னிரண்டு.